நாற்பது அடி தூரம்

மழைக்கு ஒதுங்கத்தான் வெண்பா அந்தப் பீங்கான் பட்டறைக்குள் ஓடினாள்.

சென்னையில் உடற்பயிற்சி அறிவியல், கடைசி வருடம். சுமை தூக்கும் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரை ஆறு வாரம் கவனித்து அறிக்கை கொடுத்தால்தான் பட்டம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தும், விருத்தாசலத்தில் இரண்டு இடங்களில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எதிரே ஒருவன் வந்தான். தோளில் நீளப் பலகை. அதன்மேல் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் இருபத்து நான்கு. அவன் கண்கள்... சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

“ஏங்க, இங்க முதலாளி யாருங்க?”

பதில் இல்லை.

“உங்களத்தாங்க.”

அவன் ஒரு பார்வை பார்த்தான். பார்த்துவிட்டு நடந்துகொண்டே இருந்தான். என்ன திமிர்... விறுவிறுவென்று போய் அவன் வழியில் நின்றாள். அவன் சட்டென்று நிற்க, பலகை சாய, இரண்டு பொம்மைகள் சொத்தென்று தரையில் விழுந்தன.

“பலக தோள்ல இருந்தா இங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம் பாப்பா,” என்றாள் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்த அம்புஜவல்லி. “பேசுனா மூச்சு மாறும், பலக ஆடும். அவருதான் முதலாளி, பழமலைநாதன்.”

வெண்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் நடந்துபோய்க் குனிந்து பலகையைத் தரையில் வைத்தான். இடுப்பில் கை வைத்துத்தான் நிமிர்ந்தான். அதையும் அவள் கவனித்தாள். படிப்பு விடவில்லை.

“சாரிங்க... ரெண்டு பொம்ம...”

“மண்ணுதான. திரும்பக் கரைச்சி ஊத்திக்கலாம். நீங்க யாருங்க?”

சொன்னாள்.

“ஓ... டிரில் டீச்சருக்குப் படிக்கிறீங்களா?”

மூன்று வருடமாக அப்பா கேட்கும் அதே கேள்வி. “இல்லீங்க. ஹார்ட் ஆபரேஷன் பண்ணவங்கள மறுபடி நடக்க வைக்கலாம். வெளையாட்டு டீமோட போவலாம். இந்த மாதிரி எடத்துல ஆளுங்க இடுப்பு போவாம பாத்துக்கலாம். உங்க இடுப்பு வலிக்குதில்ல?”

அவன் கையை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டான். “இங்க பதினோரு பேருதான் இருக்காங்க.”

“பன்னெண்டு வேணுங்க.”

“அப்ப பன்னெண்டாவது ஆளு நானு.”

மறுநாளிலிருந்து நெஞ்சில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். ஒவ்வொருவரின் இதயத் துடிப்பும் அவள் போனில் ஓடும். அச்சுக் கொட்டகையிலிருந்து பொம்மை காயவைக்கும் இடம் நாற்பது அடி. பலகையோடு நடக்கையில் பழமலைக்கு எப்போதும் தொண்ணூற்றெட்டு. கூடாது, குறையாது.

மூன்றாம் வாரம் அவனிடம் சொன்னாள். “தூக்கறதுல தப்பு இல்லீங்க. குனிஞ்சி தரையில வைக்கிறீங்க பாருங்க, அதுலதான் இடுப்பு போவுது.”

“எங்க அப்பா காலத்துலேர்ந்து தரையிலதான் வைக்கறோம்.”

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் திங்கட்கிழமை வந்து பார்த்தால் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடைகள் வரிசையாக நின்றன. யார் கட்டியது என்று யாரும் சொல்லவில்லை. அவன் நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது. அன்றைக்குத்தான் வெண்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

ஆறாம் வாரம் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஓடி வந்து முதலில் அவனிடம்தான் சொன்னாள்.

“நல்லதுங்க,” என்றான். அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாள் பேச்சே இல்லை. தோளில் பலகை இல்லாதபோதும் பேசவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

“நான் என்னங்க தப்பு பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல. நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. நான் மண்ணு கரைக்கிறவன். இதுல பேச என்ன இருக்குது?”

பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

கடைசி நாள். தூறல். கடைசி அளவு அவனுடையது. அவன் பலகையைத் தோளில் ஏற்றும்வரை காத்திருந்து, கூடவே நடந்தாள்.

“இப்ப உங்களால பேச முடியாது. அதான் இப்ப சொல்றேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவத்தான் போறேன், அதுக்குத்தான் படிச்சேன். ஆனா அதுக்காவ நீங்க எங்கிட்ட பேசாம இருந்தா எனக்குத் தாங்கல. வேணாம்னா, பலகைய வச்சிட்டு வேணாம்னு சொல்லிடுங்க.”

பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. கண்கள் நேராகவே இருந்தன, பெரிய கறுப்புக் கண்கள். அவள் போனைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு... நூற்றுப் பன்னிரண்டு... நூற்று இருபத்தேழு... பலகை ஆடவில்லை.

செங்கல் மேடையில் இறக்கினான். இருபத்து நான்கும் பத்திரம்.

“நூத்தி முப்பத்தி நாலு,” என்றாள். “இத ரிப்போர்ட்டுல எழுத முடியாதுங்க.”

“எழுதாதீங்க.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “எனக்கும் புடிச்சிருக்குது வெண்பா. மொத நாளு வழிய மறிச்சீங்களே, அப்பலேர்ந்து. சொல்லத்தான்... கூச்சம். நீங்க போயி வேலையில சேருங்க. ஞாயித்துக்கெழம பட்டறைக்கு லீவு. காலையில ரயிலு இருக்குது, நான் வரேன்.”

“எங்க அப்பாகிட்ட யாரு பேசறது?”

“நான்தான். ஸ்ரீமுஷ்ணத்துக்கே வந்து கேக்கறேன்.”

“அங்க வந்து வாயத் தொறப்பீங்களா?”

“தோள்லதான் பலக இருக்காதே,” என்றான்.