கீழ்த்தளத்துக்கும் கீழே

முப்பத்தொரு மணி நேரம் இடிபாட்டுக்குள் கிடந்து உயிரோடு வந்தவள் என்பதால், அக்கம்பக்கத்தில் அவளுக்கு ‘முப்பத்தொண்ணு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பாராட்டாகத்தான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சுட்டது.

அன்று பிற்பகல், முதலில் ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. பிறகு மாடிவீட்டுத் தையல் மெஷின். அதன்பின், தெருக்கோடியில் காலையிலிருந்து ஓய்வில்லாமல் இரைந்துகொண்டிருந்த தண்ணீர் மோட்டார். கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதிலும் சத்தமில்லை.

இந்த அமைதி அவளுக்குத் தெரியும். மீட்புப் படைக்காரர்கள் வேலை செய்யும் முறை அது. மணிக்கொரு தடவை விசில் ஊதுவார்கள்; துளைபோடும் மெஷின், ஜெனரேட்டர், லாரி எல்லாம் ஒவ்வொன்றாக அணையும்; மேலே நிற்கிற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அடியில் எங்காவது யாராவது தட்டுகிறார்களா என்று காது கொடுப்பார்கள்.

அவளும் காது கொடுத்தாள்.

டக். டக். டக்.

தரைக்கு அடியிலிருந்து வந்தது. அவர்கள் குடியிருந்ததோ கீழ்த்தளம். அதற்கும் கீழே வெறும் மண்தான்.

“யாரோ தட்டுறாங்க” என்றாள்.

கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்த தங்கை திரும்பவில்லை. “உனக்குப் பாம்புக் காதாச்சே, தட்டாமலே கேக்கும்.” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மாத்திரை போட்டியா, இல்ல இன்னைக்கும் டிமிக்கியா? டாக்டர்தான் சொன்னாரேக்கா, இந்தச் சத்தமெல்லாம் போகக் கொஞ்ச நாள் ஆகும்னு. அந்த அண்ணன் வேற வர்றாரு. ஆறுதலா நாலு வார்த்தை பேசி அனுப்பு.”

ஃபிரிட்ஜ் மறுபடி உறுமத் தொடங்கியது. தையல் மெஷின் தடதடத்தது.

அந்த அண்ணன், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை பார்த்த ரிசப்ஷன் அக்காவின் கணவர். கட்டடம் விழுந்த அன்று கூடத்திலிருந்து உயிரோடு வந்தது அவள் ஒருத்திதான். “அக்கா உடனே போயிட்டாங்க. வலியே தெரிஞ்சிருக்காது” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடமாடுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தங்கை தண்ணீர் கொடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனாள்.

“இளைச்சுட்டியேம்மா. ஒழுங்காச் சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேண்ணே.”

“அவ சிரிச்சா தெருவே திரும்பிப் பாக்கும். நான்தான் மெதுவாச் சிரிடின்னு திட்டுவேன்.” டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ அன்னைக்குச் சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லும்மா. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

வாயைத் திறந்தாள். ஈர சிமெண்டு நாற்றம் தொண்டை வரை இறங்கியது. மூக்கிலும் நாக்கிலும் மாவாய்ப் பொடிந்த தூசி. முப்பத்தொரு மணி நேரமும் அவள் விழுங்கிய அதே தூசி.

ஃபிரிட்ஜ் நின்றது. தையல் மெஷின். மோட்டார்.

வேண்டாம். இப்போது வேண்டாம்.

டக். டக். டக்.

டம்ளரில் தண்ணீர் வட்டமாக அதிர்ந்தது.

அவர் அதைப் பார்த்தார். டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

அவருக்கும் கேட்கிறது.

பேச வேண்டாம் என்பதுபோல ஒரு கையை உயர்த்தினார். மண்டியிட்டார். குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, காதை டைல்ஸோடு ஒட்டினார்.

“ம்” என்றார்.

கொஞ்ச நேரம்.

“ம். சொல்லு.”

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். ரிசப்ஷனுக்கு அவர் போன் செய்யும்போதெல்லாம் அக்கா பேசப் பேச இப்படித்தான் உம் கொட்டுவாராம். அக்காவே கேலி செய்திருக்கிறாள்.

“ஆமா. இங்கதான் நிக்கிறா.”

கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தார்.

“உன்னைத் தூக்குறதுக்கு முன்னாடி, கீழ வேற யாராவது இருக்காங்களான்னு மேலேருந்து கேட்டாங்களாமே. நீ என்னம்மா சொன்னே?”

விசிறி சுற்றியது. சத்தமில்லை. உலகத்தில் எங்கும் சத்தமில்லை. எல்லாரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா எனக்கு அடியில இருந்தாங்க” என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “உசிரோட இருந்தாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்க. கீழ ஆள் இருந்தா தூணை அசைக்கக் கூடாது, பாரம் அவங்க மேல இறங்கிடும், வேற பக்கமாத் தோண்டி வர்றதுக்கு விடிஞ்சிடும்னு மேல பேசிக்கிட்டாங்க. என்னால முடியலண்ணே. யாரும் இல்லன்னு சொன்னேன். தூக்குங்கன்னு சொன்னேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தை மெல்லத் திருப்பி, தரையோடு உதடு வைத்தார்.

“கேட்டுச்சா?” என்றார்.