ஓதம் வந்த வழி

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் துப்பறிவாளர் கோதண்டபாணியின் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு போட்டோவையோ கொஞ்சம் கண்ணீரையோ கொண்டுவருவார்கள். கிருஷ்ணவேணி கொண்டுவந்தது உள்ளங்கை அளவு சிமெண்ட் காரைத் துண்டு. அதை மேசைமேல் வைத்து, பக்கத்திலிருந்த தம்ளர் தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினாள். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊறாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கோதண்டபாணியின் உதவியாளர் சங்கவி பதறிப்போய்க் காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதாங்க என் பூச்சு," என்றாள் கிருஷ்ணவேணி. "இது ஒழுகுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு திண்டிவனத்து நயினாரு."

கோதண்டபாணி மேசையைத் துடைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பல வருஷம் எரிந்த கடையையும் நனைந்த குடோனையும் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளுபடி செய்துவிடும் மனிதர். எதிரே அமர்ந்திருந்த அம்மாளையும் அவர் இப்போது சந்தேகத்தோடுதான் பார்த்தார். "முதல்லேர்ந்து சொல்லுங்கமா."

அவள் சொன்னது இதுதான். சுவர்களில் ஓதம் ஏறாமல் பூசிக் கொடுப்பது அவள் தொழில். கூட நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். திண்டிவனத்தில் தானிய வியாபாரம் செய்யும், ஊரார் நயினார் என்று அழைக்கும் ஸ்ரீசந்திரன், தன் வீட்டுக் கார் ஷெட்டை விதை வைக்கும் அறையாக மாற்ற விரும்பினார். நாலு பக்கமும் கான்கிரீட் சுவர். வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்கு வியர்க்கும். கிருஷ்ணவேணி வெளியே தண்ணீர் புகாத பூச்சு பூசி, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மாகோல் பலகைகளைப் பதித்துக் கொடுத்தாள். முகையூர் விவசாயிகள் மார்கழிப் பட்டத்துக்கான விதை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, அங்கே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் பெருமழையிலேயே ஒரு சுவரோரத்து மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்துவிட்டன.

"முகையூர்க்காரங்க புது விதை குடோன் கட்டறாங்க. அந்த வேலை எனக்குத்தான்னு பேசி வெச்சிருந்தாங்க. இப்போ ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு முடிவு சொல்றாங்களாம். அது போச்சுன்னா இந்த ஜில்லாவுல எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். நயினாரு பொய் சொல்ல மாட்டாருன்னு எல்லாரும் நம்பறாங்க. நானும் நம்பினவதான்."

"சுவத்த நீங்க பார்த்தீங்களா?"

"உள்ள வுட்டாத்தானே. மூணு வாரமா அவரு கேட்டாண்ட நின்னு கத்திட்டு வர்றேன்."

"உங்களுக்கு ஆகாதவங்க?"

"திருமுருகன்னு ஒருத்தரு. முகையூர் வேலைக்கு அவரும் போட்டி போட்டாரு, கிடைக்கல. அப்புறம் நயினாரோட அண்ணன் மவன் சாந்தனு. ஷெட்டுல அவரு காரு நின்னுக்கினு இருந்துச்சி. இப்ப ரோட்டுல காயுது. என்னைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"திருமுருகன்தான் சார்," என்றாள் சங்கவி.

"இன்னும் பஸ்ஸே ஏறல. அதுக்குள்ள ஆளைப் பிடிச்சிட்டியா?" என்றார் கோதண்டபாணி.

மறுநாள் காலை விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் சங்கவி திருமுருகனுக்கு எதிராக வாதாடித் தீர்த்தாள். கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, கேட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஸ்ரீசந்திரன் குள்ளமான, சுத்தமான மனிதர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமண வீடு. ஒரு நடுவர் வந்து பார்க்கட்டும் என்று முகையூர்க்காரர்களே சொல்லிவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. சாவிக்கொத்தை எடுத்துவந்தவர் பூட்டில் இரண்டு முறை தப்பான சாவியைப் போட்டார். சங்கவி அதைப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் சாந்தனுமேல் இருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த அந்த இளைஞன் ஷட்டருக்குக் கீழே குனிந்துதான் உள்ளே வந்தான்.

"என் காரை வெளிய தள்ளிட்டு மல்லாட்டைக்கு ஏசி ரூம் கட்டினாரு சித்தப்பா. நல்லா வேணும்," என்றான் அவன், யாரும் கேட்காமலேயே.

உள்ளே பூசண வாடை மூக்கைத் துளைத்தது. கோதண்டபாணி சுவரடியில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். தரையிலிருந்து ஓதம் ஏறினால் சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இங்கே எங்கும் உப்பு இல்லை. ஈரத்தின் தடம் ஒரே இடத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே தொடங்கி, ஒரு முழ அகலத்துக்குத் தெர்மாகோலுக்குப் பின்னால் தரைவரை இறங்கியிருந்தது. கெட்ட மூட்டைகள் அதன் அடியில்தான் இருந்தன. அந்த இடத்துப் பலகை விளிம்பில் தேங்காய் நாரும் பஞ்சும் ஒட்டியிருந்தன. சாக்கிலிருந்து பிரிந்த நூல் என்றாள் சங்கவி. சாக்கு சணலாயிற்றே என்று கோதண்டபாணி முணுமுணுத்தார்.

ஈரத் தடத்துக்குத் தள்ளியிருந்த ஒரு பலகையைக் கழற்றி, வெறும் கான்கிரீட்டின்மேல் ஒரு பாலித்தீன் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினார். "நாளைக்குக் காலையில பார்ப்போம். சுவரே ஒழுகினா தாளுக்கு அடியில வேர்த்திருக்கும்."

பிறகு வெளிப்பக்கம் போனார்கள். ஷெட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. ஈரத் தடத்துக்கு நேராக, உயரத்தில், முன்பு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்து அடைக்கப்பட்ட ஓட்டை. கோதண்டபாணி எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. சாந்தனு நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கி அதைத் தொட்டுக் காட்டினான். ஓட்டைக்கு நேர் கீழே மண்ணில், ஸ்டூல் கால்கள் அழுந்திய நாலு குழிகள் மழையில் பாதி தூர்ந்து கிடந்தன. மதில்மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பக்கத்தில் உடைத்த மல்லாட்டையும் இருந்தன. ஆட்களைக் கண்டதும் ஒரு அணில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லைங்க. அந்த அம்மா அடைச்சது அடைச்சபடி கிடக்குது," என்றார் ஸ்ரீசந்திரன்.

புறப்படும்போது அவர் மனைவி சந்திரவதி மோர் கொண்டுவந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் அவரால் நடக்க முடிந்தது. "அணிலுக்கு நீங்கதான் தண்ணி வைப்பீங்களாம்மா?" என்று கோதண்டபாணி விசாரித்தார்.

"எங்கங்க, முட்டிதான் மடங்கவே மாட்டேங்குதே. படி ஏறியே வருஷம் ஆவுது. அவருதான் தினமும் வெச்சிட்டு வருவாரு," என்றார் அந்த அம்மாள்.

பஸ்ஸில் சங்கவி தன் வழக்கை மாற்றிக்கொண்டாள். "சாந்தனு சார். சாவி இருக்கு, கோவம் இருக்கு, உயரமும் இருக்கு."

"உயரம் இருக்கறவனுக்கு ஸ்டூல் எதுக்கு?" என்றார் கோதண்டபாணி.

மறுநாள் காலை அந்தச் சந்தில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஸ்ரீசந்திரன், சந்திரவதி, சாந்தனு, கிருஷ்ணவேணி. கூடவே, "எனக்கு இன்னா சார் சம்பந்தம், பேஜாரா இருக்கு," என்று புலம்பிக்கொண்டு வந்திருந்த திருமுருகன். சந்துக்கு வருமுன்பே, உள்ளே ஒட்டிய தாளை எல்லோர் கண் முன்னாலும் உரித்தாயிற்று. அடியில் பொட்டு ஈரம் இல்லை.

"சுவர் ஒழுகல. தரையும் ஒழுகல. தண்ணி ஒரே வழியாத்தான் உள்ள வந்திருக்கு," என்ற கோதண்டபாணி, ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரில் வீசினார். பூச்சின்மேல் அது உருண்டு ஓடியது. அடுத்த குவளையை உயரத்தில் இருந்த அடைப்பின்மேல் வீசினார். அந்த இடம் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. கறுத்த இடத்தில், கொத்தனார் கரணை படாமல் விரலால் தேய்த்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"அது என் வேலை இல்ல," என்றாள் கிருஷ்ணவேணி.

"இல்லதான். நீங்க அடைச்சதை யாரோ எடுத்திருக்காங்க. மழை பெஞ்சப்போ ஓட்டை திறந்து கிடந்திருக்கு. அப்புறம் அதே ஆளு வெறும் சிமெண்டைக் குழைச்சி மூடியிருக்காரு. சங்கவி, திருமுருகன் உடைச்சிருந்தா திரும்ப வந்து மூடியிருப்பாரா?"

"மாட்டாரு. ஒழுகிக்கினே இருந்தாத்தானே அவருக்கு லாபம்," என்றாள் சங்கவி, கொஞ்சம் வருத்தத்துடன். திருமுருகன் பெருமூச்சு விட்டார்.

"இனி பேச்சு வேணாம். கிருஷ்ணவேணிமா, சுத்தியலை எடுங்க. அந்த அடைப்பை ஒரே போடா போட்டு உடைங்க."

அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுத்தியலை ஓங்கினாள்.

"இரும்மா. மெதுவா. உள்ள பார்த்துட்டு உடை, உள்பக்கமா பூந்து மறுபடி எதுனா குட்டி போட்டிருக்கப் போவுது," என்று ஒரு குரல் பதறியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் ஸ்ரீசந்திரன். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே புரிந்தது.

"அந்த ஓட்டையில குட்டி இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் நயினாரே?" என்று கோதண்டபாணி அமைதியாகக் கேட்டார். "நாரும் பஞ்சும் அணில் கூட்டுலேர்ந்து வந்ததுன்னு நேத்தே தெரிஞ்சிது. யாரும் வராத சந்துக்கு நீங்க தினமும் வர்றீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. சாந்தனுவுக்கு ஸ்டூல் வேணாம், உங்க வீட்டம்மாவால ஸ்டூல் ஏற முடியாது. மிச்சம் நீங்கதான். ஆனா அது சந்தேகம்தான், சாட்சி இல்ல. சுத்தியலை ஓங்கினா இந்த வீட்டுல யாரு பதறுவாங்கன்னு பார்க்க நினைச்சேன்."

ஸ்ரீசந்திரன் மதிலைப் பிடித்துக்கொண்டார். "தாய் அணிலு வெளிய போயிருந்தப்போ அடைச்சிட்டாங்க. குட்டிங்க உள்ள மாட்டிக்கிச்சி. ரெண்டு நாளா அது இந்தச் சுவத்தைச் சுத்திச் சுத்திக் கத்துச்சி. என்னால ஒரு வாய் சோறு இறக்க முடியல. அடைப்பை எடுத்துவிட்டேன். குட்டிங்க ஓடற வரைக்கும் தெறந்து கெடக்கட்டும்னு விட்டேன். நடுவுல மழை வந்துடுச்சி."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்றான் சாந்தனு.

"ஊரான் விதைப்பா. என்னை நம்பி வெச்சது. மூட்டையைப் பார்த்ததும் வேலை சரியில்லன்னு வாயில வந்துடுச்சி. ஒருத்தன்கிட்ட சொன்னேன், பத்து பேருக்குப் போயிடுச்சி. அப்புறம் மாத்திப் பேச தைரியம் வரல."

கிருஷ்ணவேணி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"அடைக்கறதுக்கு முன்ன உள்ள எட்டிப் பார்க்காதது என் தப்பு. அதை ஒத்துக்கறேன். ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா நானே ஜல்தியா வந்து எடுத்துட்டு, மழைக்கு ஒரு தகரம் கட்டிட்டுப் போயிருப்பேன்," என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அணில் ரெண்டு நாள் கத்துச்சின்னு உங்களுக்குச் சோறு இறங்கல. நான் மூணு வாரமா உங்க கேட்டாண்ட கத்தினேன். உங்களுக்குச் சோறு இறங்கிச்சா நயினாரே?"

சந்திரவதி சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்துவந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"முகையூருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அந்தப் பொண்ணு காதுல விழணும்," என்றார்.

மறுமுனையில் எடுத்தவர், "சொல்லுங்க நயினாரே," என்று மரியாதையாகக் கேட்டார். ஸ்ரீசந்திரன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கிருஷ்ணவேணி கண்ணைத் துடைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விதை கெட்டது அந்த அம்மாவால இல்லைங்க," என்று அவர் தொடங்கினார். "என்னால."