விரல் படாத இசைத்தட்டு

கழுவி, உலர்த்தி, வெல்வெட் துணியால் ஒற்றி எடுத்த இசைத்தட்டின் மேல் ஒரு விரல்ரேகை இருந்தது.

மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கும் இடத்தில், கறுப்புப் பளபளப்பின் மேல் சாம்பல் நிறத்தில், ஒரு பெருவிரலின் முழுப் பதிவு. யாரோ சாவகாசமாக அழுத்தி எடுத்ததுபோல. அவன் இசைத்தட்டை அப்படித் தொடுகிறவன் இல்லை. உள்ளங்கைகளால் விளிம்பைப் பிடிப்பான். நடுவில் ஒட்டிய காகிதத்தில் விரல் நுனியை ஊன்றுவான். பாட்டு இருக்கும் இடத்தில் அவன் விரல் பட்டதே கிடையாது. பிறந்த குழந்தையைக்கூட அவன் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

"குட்டி," என்று கூப்பிட்டான்.

எட்டு வயது மகள் கதவோரம் வந்து நின்றாள். நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

"கை கழுவினியா?"

"கழுவிட்டேன்ப்பா."

"அப்புறம் எதுக்கு இதத் தொட்ட?"

"நான் தொடல."

அவன் உதட்டின் இடது ஓரம் மேலேறியது. அவனுக்கே தெரியாமல் நடப்பது அது. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அந்த ஓரம் கீழே இறங்கியிருக்காது. மகள் அதைக் கண்ணாடி முன்னால் நின்று அப்படியே செய்து காட்டுவாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இன்று குழந்தை சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் அவனுக்கு ஊசி என்று பெயர். காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது என்று குத்திப் பார்ப்பது அவன் வேலை. எரிந்த கடை, திருடுபோன வண்டி, செத்துப்போன மாமனார், எதிலும் ஒரு கறை இருக்கும். மனிதர்கள் தொட்ட இடத்திலெல்லாம் எதையாவது விட்டுவிட்டுப் போகிறவர்கள். எண்ணெய், வியர்வை, எச்சில், தும்மல். வீட்டுத் தூசியில் பாதி உதிர்ந்த தோல் என்று எங்கோ படித்ததிலிருந்து, விருந்தாளி எழுந்து போனதும் நாற்காலியைத் துடைக்கிற பழக்கமும் வந்துவிட்டது.

அன்று மாலை மைத்துனன் போன் செய்தான். மனைவியின் தம்பி, வாடகை வேன் ஓட்டுகிறவன், எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன்.

"மாமா, ஒரு ரெக்கார்ட் ப்ளேயர் பாத்து வச்சிருக்கேன். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிட்டுப் போயிடலாம். சிவப்பு கலர். ஸ்பீக்கரும் உள்ளயே இருக்கு."

"அதுல துணியும் துவைச்சுக்கலாமான்னு கேட்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. நல்லாத்தான் பாடுது."

"பாடும். பாடிக்கிட்டே தட்டை உழுதுட்டுப் போகும். ஊசி எவ்வளவு பாரத்துல உக்காரணும்னு அதுல திருத்த முடியுமா? ஊசிக்கைக்குப் பின்னால எடை இருக்கா? ஸ்பீக்கர் உள்ளயே இருந்தா அந்த அதிர்வுக்கே ஊசி துள்ளும். அந்த மாதிரி எதையும் வாங்காத. இல்ல, வாங்கிக்க. உன் காதுக்கு அது போதும்."

மைத்துனன் அதற்கும் சிரித்தான்.

தன்னுடைய டர்ன்டேபிளை, தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவியை, அவன் பெண் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தான். கனமான மரத்தளம், பெல்ட்டால் சுழலும் தட்டு, மயிரிழை அளவுக்குத் திருத்தக்கூடிய ஊசிக்கை. கடைக்காரர் அலுத்துப்போய், "சார், இது பாட்டு கேக்குறதுக்கு. ஆபரேஷன் பண்றதுக்கு இல்ல," என்றார். அந்த ஆளின் நகக்கண்களில் அழுக்கு இருந்ததை அவன் இன்னும் மறக்கவில்லை.

ரேகையைத் துடைத்தான். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. பள்ளங்களின் போக்கிலேயே, வட்டமாக, மெல்லிய மயிர் பிரஷ். போய்விட்டது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் வருகைப்பதிவு இயந்திரம் அவன் விரலை ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தான். சிவப்பு.

"மெஷினுக்கு உங்களப் பிடிக்கல போல சார்," என்றார் காவலாளி. "விரலை நல்லாத் துடைச்சிட்டு வைங்க."

"என் விரலுக்கு அந்தக் கவலை வேண்டாம். உங்க மெஷினைத் துடைங்க."

காவலாளி சட்டைக் கையால் துடைத்தார். அந்தச் சட்டை தன்மேல் படாதபடி அவன் ஒரு அடி ஒதுங்கி நின்றான். பின்னால் நின்ற கூட்டம் ஒவ்வொருவராக விரல் வைத்து, பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு, அவனைச் சுற்றி உள்ளே போயிற்று. எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டுகிறவர்கள். அவர்களையெல்லாம் இயந்திரத்துக்கு அடையாளம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இசைத்தட்டில் ஐந்து விரல்களும் இருந்தன.

வரிசையாக, பாட்டுகளுக்குக் குறுக்கே, ஒரு வலதுகையின் ஐந்து விரல்கள். அவன் சத்தம் போடவில்லை. மகளைக் குளியலறைக்கு நடத்திக்கொண்டு போனான். குழாயைத் திறந்தான். இசைத்தட்டுக்கு வைத்திருந்த பிரஷ் மென்மையானது, அது வீணாகும் என்று யோசித்து, ஷூ தேய்க்கிற பிரஷை எடுத்தான். குழந்தை முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அழுதாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து பிடுங்கியபோது அந்தச் சின்ன விரல்களின் நுனிகள் சிவந்து போயிருந்தன.

மனைவி அந்த அறைக்குள் போனாள். முதல்முறையாக, செருப்புக் காலோடு. தட்டை விளக்கில் பார்த்தாள்.

"அளவப் பாருங்க. இது குழந்தை விரலா?"

"அழுத்தி வச்சா பெருசாத்தான் தெரியும்."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்தாள். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். கதவருகே நின்று திரும்பினாள்.

"'நீ தொடல'ன்னு அவகிட்ட உங்க வாயால சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். சொன்னா திரும்பி வர்றோம். சொல்லலன்னா வரமாட்டோம்."

அவன் உதட்டின் இடது ஓரம் மேலேறியது. அவர்கள் போனதும் அவர்கள் செருப்புக் கிடந்த இடத்தைத் துடைத்தான்.

வீடு அமைதியாயிற்று. முதலில் அது அவனுக்குப் பிடித்திருந்தது. குளிர்பதனப் பெட்டியின் முனகல், மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம், ஜன்னல் திரை சுவரை உரசும் ஓசை, இவை தவிர ஒன்றுமில்லை. யாரும் எதையும் தொடவில்லை. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினான். காலையில் திறந்து விளக்கைச் சாய்த்தான்.

தட்டு முழுக்க ரேகைகள். விரல்கள், உள்ளங்கை, கையின் பக்கவாட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக, கூட்டத்தில் யாரோ கண்ணாடிக் கதவில் அழுந்திக் கிடந்ததுபோல.

பூட்டிய அறை. குழந்தை ஊரின் மறுகோடியில் இருந்தாள்.  அவன் உருப்பெருக்கியை எடுத்தான். பெருவிரல் ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது. பள்ளிக்கூட நாளில் பென்சில் சீவும்போது பிளேடு கிழித்த தழும்பு. அது அவனுடைய பெருவிரலில் இருக்கும் தழும்பு.

தன் பெருவிரலைப் பார்த்தான்.

தழும்பு இல்லை. கோடுகளும் இல்லை. உரித்த வெங்காயம்போல வழவழவென்று இருந்தது. முத்திரை மையில் அழுத்தி வெள்ளைத்தாளில் வைத்தான். ஒரு கறுப்புத் திட்டு மட்டும் விழுந்தது. மற்ற விரல்களையும் வைத்தான். திட்டு, திட்டு, திட்டு. கழுவிய பின் உள்ளங்கையை விரித்தான். நேற்றுவரை அங்கே ரேகைகள் ஓடின.

போன் அவன் விரலுக்குத் திறக்கவில்லை. எண்களை அழுத்தித் திறந்து, மனைவிக்கு எழுதினான்: 'அவ தொடல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கூட்டிட்டு வா.'

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'எழுதினா பத்தாது. சாயங்காலம் வர்றோம். அவ முகத்தப் பாத்துச் சொல்லணும்.'

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தானே. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொல்ல விரும்பினான். நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் பழகியும் பார்த்தான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தட்டு எதிரே கிடந்தது. அவனுடைய அழுக்கு என்று தெரிந்தபின் அது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அவர்கள் வந்து அதைப் பார்ப்பதா. மனைவியின் அக்கா கேட்டுச் சிரிப்பதா. அந்த வேன்காரன் சிரிப்பதா.

பிரஷும் தண்ணீரும் போதாதபோது செய்கிற வேலை ஒன்று உண்டு. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தட்டின் மேல் தடிமனாக ஊற்றிப் பரப்ப வேண்டும். நடுக் காகிதத்தில் படக் கூடாது. பசை காய்ந்து கண்ணாடிபோல ஆனதும் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒரே படலமாக உரிந்து வரும். பள்ளத்தின் அடியிலிருக்கும் அழுக்கையெல்லாம் பிடுங்கிக்கொண்டு. அறிந்தவர்கள் செய்வது. சூட்கேஸ் வாங்குகிற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது.

குனிந்து ஊற்றினான். கறுப்புத் தட்டில் அவன் முகம் தெரிந்தது. ரேகைகளுக்கு நடுவே, கண்களும் மூக்கும், இடது ஓரம் மேலேறிய உதடும். பசை மெதுவாகப் பரவியது. புளிப்பும் பாலும் கலந்த வாசனை. வெள்ளை அந்த உதட்டின் மேல் ஏறியபோது அவன் வாயில் ஒரு குளிர்ச்சி பட்டதுபோல் இருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். ஒன்றுமில்லை.

மின்விசிறியின் கீழே வைத்துக் காத்திருந்தான். மதியம் போயிற்று. வெளியே மேகம் கூடி, ஜன்னல் சாம்பலாகி, பிறகு இருண்டது. மேசை விளக்கை மட்டும் போட்டான். தாகமாக இருந்தது. எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்தான், எழவில்லை. பசை ஓரங்களிலிருந்து தெளியத் தொடங்கியிருந்தது, அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

காய்ந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓரத்தைக் கிள்ளினான்.

மெல்லிய சத்தம். ஈரத் தோலிலிருந்து பிளாஸ்திரி பிரிவதுபோல. இழுக்க இழுக்க அது நீண்டது. இதமாக இருந்தது. முகத்தில் எங்கோ இழுபட்டது. அதுவும் இதமாகவே இருந்தது. முழுப் படலமும் கையோடு வந்தது. கீழே தட்டு, பிறந்த அன்று இருந்ததுபோல. ஒரு ரேகை இல்லை. ஒரு துகள் இல்லை.

படலத்தை விளக்குக்கு மேலே, துடைக்கும் துணிகளை உலர்த்துகிற கொடியில் கிளிப் போட்டு மாட்டினான். ஊசியை இறக்கினான். இரைச்சலே இல்லை. பாட்டும் இல்லை. தட்டு சுழன்றது, ஊசி நகர்ந்தது, சுத்தமான மௌனம் மட்டும் வந்தது.

நிமிர்ந்தான்.

படலத்தில் விளக்கொளி ஊடுருவியது. வட்ட வட்டமான கோடுகள். நூற்றுக்கணக்கான விரல்ரேகைகள். நடுவே சற்றுக் கீழே, புடைத்துக்கொண்டு, ஒரு வாய். மேலுதடு. கீழுதடு. வெடிப்புகள்கூட. இடது ஓரம் மேலேறி இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

அவன் கையை முகத்துக்குக் கொண்டுபோனான். மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே விரல் வழுக்கியது. வழுக்கி, எதிலும் தடுக்காமல், தாடைக்கு வந்துவிட்டது. திரும்பத் தடவினான். வழவழப்பு. தோலுக்கு உள்ளே நாக்கு புரண்டது. பற்களைத் தொட்டது. அதற்கு அப்பால் வழியில்லை.

மறுபடி மணி. பிறகு பூட்டில் சாவி திரும்பும் சத்தம்.

"உள்ள இருட்டா இருக்கு," என்று மனைவியின் குரல். "எங்க இருக்கீங்க? அவ வந்திருக்கா."

கூடத்தில் சின்னக் காலடிகள். அவன் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். திரும்பக் கூடாது. திரும்ப வேண்டும். சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். நீ தொடல. தொண்டை அதைச் சொன்னது. மார்பு அதைச் சொன்னது. மூக்கிலிருந்து காற்று மட்டும் சீறியது.

காலடிகள் நிலைப்படியில் நின்றன. சட்டம் தெரிந்த குழந்தை.

"அப்பா."

"சொல்லுங்க," என்றாள் மனைவி. குரல் இளகியிருந்தது. "அவ காத்துட்டிருக்கா."

கொடியில் படலம் அசைந்தது. காற்று இல்லை. அதிலிருந்த உதடுகள் பிரிந்தன.

"கை கழுவினியா?"

அவன் குரல். அதே குரல், இரைச்சலே இல்லாமல்.

"கழுவிட்டேன்ப்பா."

"பொய். காட்டு."

அவன் திரும்பினான். இருட்டில் மகள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, விளக்குக்கு மேலே தொங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தாள். இன்னும் சிவப்பு ஆறாத பத்து விரல்களையும் விரித்து, படலத்தில் இருந்த வாயின் முன்னால் உயர்த்திப் பிடித்தாள்.

உதட்டின் இடது ஓரம் மேலேறியது.