பயன்பாட்டில் இருக்கும் கோப்பு

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வீடியோ எடிட்டிங் புரோகிராம் அன்று மதியம் திறக்க மறுத்தது. பொதுக் கோப்பு ஒன்றைக் காணோம் என்றது திரை. பல புரோகிராம்களும் பங்கு போட்டுப் பயன்படுத்தும் கோப்பு அது. கால் முளைத்தா போய்விடும்? வீட்டிலிருந்தே விழா வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கும் இடால்மிஸுக்கு அப்போதே சந்தேகம். கடலோர ஊரான மத்தான்சாஸின் அந்தச் சந்தில் வெயிலுக்குப் பயந்து எல்லா ஜன்னல்களும் சாத்திக் கிடக்க, கடல் உப்பும் யாரோ வதக்கிய பூண்டும் கலந்து வீச, மின்விசிறி முனகி முனகிச் சுற்றியது. உள்ளறையில் மகள் லியானெத் தூங்கினாள். கணவன் கடல் தாண்டிப் போனபின் இடால்மிஸுக்கு மிஞ்சியது அந்த நான்கு வயதுப் பிள்ளைதான்.

படங்களும் பாட்டுகளும் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்கோடு வாராவாரம் வீடு வீடாக வரும் ரெய்னியெரைக் கூப்பிட்டாள். இணையத்திலிருந்து இறக்குவது அங்கே நடக்கிற காரியமில்லை. தொலைந்த கோப்பை இன்னொருவர் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம்.

“இந்தக் கோப்பு என்கிட்டயே இருக்குக்கா. எவேலியோ பெரியவரு கம்ப்யூட்டர்ல எடுத்தது.”

“செத்துப்போனவரோடதாடா?”

“ஆமா. திருப்பிக் குடுன்னு வந்து நிக்கவா போறாரு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு எவேலியோவுக்குப் பிள்ளை கிடையாது. “லியானெத்து நம்ம ரெண்டு வீட்டுக்கும் பொதுதானேம்மா” என்று வாசலில் வந்து நிற்பார். அந்தப் பார்வை பிடிக்காமல் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தியிருக்கிறாள். ஆனால் வேலை நின்றால் அடுப்பு எரியாது. கோப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு ரெய்னியெர் கிளம்பினான்.

புரோகிராம் திறந்தது. யாரோ ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் நடனம். அவளுக்குப் பின்னால், தூணோரம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். நேற்று அந்த இடத்தில் யாருமில்லை. ரெய்னியெர் படவா ஏதோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்தாள்.

புகைப்படங்களைத் திறந்தாள். அந்தப் புரோகிராமுக்கும் அதே கோப்புதான். லியானெத்தின் முதல் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை. இப்போது முகம் தெரிந்தது. எவேலியோ. அடுத்த படம். இன்னும் கிட்டே. அடுத்தது. பிள்ளையின் கை அவர் கையில்.

எல்லாவற்றையும் மூடினாள். கோப்பை அழிக்கப் போனாள்.

‘அழிக்க முடியாது. இந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது.’

யார் பயன்படுத்துகிறார்கள்? ஒன்றுமே திறந்திருக்கவில்லையே.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

“லியானெத்?”

உள்ளே ஓடினாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. வலது கை மட்டும் அந்தரத்தில் நீண்டிருந்தது. சின்ன விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. கை மெல்ல இழுபட்டது. தலை தலையணையை விட்டு எழுந்தது. கண் திறக்கவில்லை.

ஒரு கால் தரையில் இறங்கியது.