கேக் வண்டியும் ஒரே ஒரு தோட்டாவும்

விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றது பேக்கரி வேன். முன் கண்ணாடி தூள்தூளாகித் தெருவில் கிடந்தது. பின் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ரத்தம்.

"ஒரே ஒரு ரவுண்டுதான் மேடம். தற்காப்புக்குத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். போலீஸ் சுட்டால், சுட்டது சரிதானா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் ஸ்டேஷன்களில் அவருக்குக் காபி எப்போதும் ஆறித்தான் வரும். முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்ற பட்டப்பெயரும் உண்டு.

"முதல்ல இருந்து சொல்லுங்க."

"காலையில பேக்கரி அம்மா போன் பண்ணாங்க, வேனைக் காணோம்னு. இந்த முனையில வந்து மறிச்சேன். உள்ள ரெண்டு பேர். நிறுத்துன்னு கத்தினேன். நேரா என் மேல ஏத்த வந்தானுங்க. வேற வழியில்லாம முன்னால நின்னு சுட்டேன். கண்ணாடியை உடைச்சுக்கிட்டுப் போய் டிரைவரோட காதைக் கிழிச்சுது. நான் ஓரமா தாவினேன். வேன் கம்பத்துல மோதிடுச்சு."

"தோட்டா எங்க?"

"பின் கதவுதான் திறந்து கிடந்துச்சே. அப்படியே வெளிய போயிருக்கும்."

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"கொட்டுற மழை மேடம். தெருவுல ஈ காக்கா இல்ல."

மேடம் வேனுக்குள் தலையை நுழைத்தார். இருக்கைக்கும் சாமான் பகுதிக்கும் நடுவே தடுப்பு இல்லை. ஓட்டுநர் தலைக்கு நேர் பின்னால் ஒரு தட்டு. அதில் வாரால் இறுக்கிக் கட்டிய மூன்றடுக்கு கேக். மேலடுக்கில் முன்பக்கம் ஒரு துளை, பின்பக்கம் ஒரு துளை. மற்றபடி கேக் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. சுற்றிலும் பால் வெள்ளை.

"என் மேல ஏத்த வந்தானுங்களே, இது கொலை முயற்சி. பல வருஷம் உள்ள இருக்க வேண்டியதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின்னால இருந்து சுட்டிருந்தா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் திருடர்கள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். அக்காள் புருஷனும் மச்சானும். வேனை ஓட்டிய மச்சானுக்குத் தலை முழுக்கக் கட்டு. மாமாவுக்கு அடி இல்லை, கையில் விலங்கு மட்டும்.

"சாவி வண்டியிலயே இருந்துச்சு, புத்தி கெட்டுப்போச்சு" என்றார் மாமா. "ஆனா ஏத்த வரலைங்க. அவர் ஓரமா நின்னுக்கிட்டிருந்தார். தாண்டிப் போயிட்டோம். அப்புறம்தான் வெடிச்சத்தம்."

"போலீஸ் நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டீங்களா?"

"பிரேக் எதுன்னு இவன் தேடிக்கிட்டிருந்தாம்மா!"

"மாமா, அது பிரேக்கேதான். கால்தான் வழுக்கிடுச்சு" என்றான் மச்சான்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"காதுக்குப் பின்னால சதை பிளந்திருந்துச்சு" என்றார் டாக்டர். "ஆழத்துல துழாவி எடுத்தேன். கேக் துணுக்கு. அதோட நீலமா ஒரு பசை. பேனா மைன்னு நினைச்சேன். இந்தாங்க, எடுத்து வெச்சிருக்கேன்."

மேடம் குப்பியைத் திறந்து முகர்ந்தார். இனிப்பு வாசனை.

அவர் தெருவுக்குத் திரும்பியபோது பேக்கரி அம்மா வேன் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும் கப்பல் கேப்டனுக்காகச் செய்த கேக்காம்.

"இதுல நீலம் எங்கம்மா இருக்கு?"

பேக்கரி அம்மா திடுக்கிட்டாள். "அந்த ரகசியம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் வெட்டிக் காட்டுங்க."

"ஐயோ, கேப்டன் வெட்ட வேண்டியது!"

"இப்ப இது சாட்சிம்மா."

கத்தி இறங்கியது. மேலடுக்கு இரண்டாகப் பிளந்தது. வெள்ளைக்கு நடுவே, அதன் வயிற்றில், பளபளவென்று ஒரு நீலக் கடல். சர்க்கரைப் பாகில் செய்த கடல். தோட்டா அதன் குறுக்கே போயிருந்தது. மேடம் டார்ச் அடித்து ஓட்டை நெடுகப் பார்த்தார். சிவப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இன்ஸ்பெக்டர், இங்க வாங்க. நீங்க முன்னால இருந்து சுட்டிருந்தா தோட்டா முதல்ல எதைத் தொடும்?"

"காதை."

"அப்புறம் ரத்தத்தோட கேக்குக்குள்ள போயிருக்கணும். கேக்குல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஆனா காதுக்குள்ள கேக் இருக்கு."

"மோதினப்ப தெறிச்சிருக்கும் மேடம்."

"தெறிச்சா மேல பூசின வெள்ளைக் கிரீம் தெறிக்கும். இந்த நீலம் நடுவயித்துல பூட்டிக் கிடந்தது. தோட்டா தொடாம வெளிய வர வழியில்ல. முதல்ல கேக், அப்புறம் காது, அப்புறம் முன் கண்ணாடி. அவங்க உங்களைத் தாண்டிப் போன பிறகு, திறந்த பின் கதவு வழியாச் சுட்டிருக்கீங்க. உங்க உயிருக்கு அப்ப என்ன ஆபத்து?"

இன்ஸ்பெக்டர் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சேத்தை வாரி மூஞ்சியில அடிச்சிட்டுப் போனாங்க. போன மாசம் ஒருத்தனைத் தப்ப விட்டுட்டு எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்தக் கோபம் கைக்கு வந்துடுச்சு மேடம்."

"வேன் திருடனை நாளைக்கும் பிடிக்கலாம். ரெண்டு விரல் தள்ளிப் பட்டிருந்தா அந்தப் பையனை எங்க போய்த் தேடுவீங்க?"

அவர் துப்பாக்கியைக் கழற்றி மேடம் கையில் கொடுத்தார். "நானே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

பேக்கரி அம்மா இதற்குள் கேப்டனுக்குப் போன் போட்டு அழுதிருந்தாள். மறுமுனையில் கடகடவென்று சிரிப்பு. குண்டு பட்ட கடல் அடுக்கை விட்டுவிட்டு மிச்ச அடுக்குகளை அனுப்பச் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் மச்சான் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

"நான் பின்னால நின்னுதான் சுட்டேன். அப்படியே எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர், தரையைப் பார்த்து. "உங்க மேல கொலை முயற்சி கேஸ் நிக்காது. திருட்டு மட்டும்தான்."

போர்வை மெல்ல இறங்கியது.

"அது பரவாயில்லைங்க சார்" என்றான் மச்சான், வாயெல்லாம் பல்லாக. "அது நாங்க செஞ்சதுதானே!"