கால் அறுத்த மேசை

செம்பூரில் அந்த வீட்டுக்கு நான் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. தாராவியில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன், பெயர் ஷாகிர். மேசைக் காலை அறுக்க வேண்டும் என்று போனில் கூப்பிட்டவர் சிவகுருநாதன். ஆயுத ஆராய்ச்சியில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வுபெற்றவர். தனி ஆள்.

உள்ளே கட்டில், நாற்காலி, பீரோ எதற்கும் கால் இல்லை. எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. சாப்பாட்டு மேசை மட்டும்தான் பாக்கி. நல்ல தேக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது.

“இத எதுக்கு சார் அறுக்கணும்? பாவம்லா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அடியில வந்து ஒளிஞ்சுக்கறாங்க.”

“யாரு?”

“குண்டு கூரையில வெடிக்கக் கூடாது; துளைச்சுட்டு வந்து தரையில வெடிக்கணும். அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டவன் நான். சோதனைக்குன்னு ஒரு வீடு கட்டி, பொம்மைகளை நாற்காலியில உட்கார வச்சோம். நிஜ வீட்டுல பிள்ளைங்க மேசைக்கு அடியில ஓடி ஒளியும்னு ஒருத்தருக்கும் தோணலை. அப்புறம் குண்டு விழுந்த ஒரு வீட்டோட போட்டோ வந்தது. பார்த்தேன். மறுநாளும் வேலைக்குப் போனேன்.”

கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே அளவெடுக்கக் குனிந்தேன். துணி கருகிய நாற்றம் அடித்தது.

என் சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்தது.

சுட்டது.

“யா அல்லா! சார், உள்ள புள்ள இருக்கு!”

அவர் அழுதேவிட்டார். “உனக்கும் தெரியுதா? ஆறு வருஷமா வேற யாருக்கும் தெரியலைப்பா. அறுத்துடு. போயிடட்டும்.”

“மாட்டேன் சார். ஒளிய வந்த புள்ளைய வெரட்டச் சொல்லுதீயளே. என்னால முடியாது.”

“முடியாதுன்னு எவ்வளவு சுலபமா சொல்றே!” என்றவர் என் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் அப்போதே கிளம்பியிருக்கலாம். ரம்பம் அவர் கையில் இருந்தது. மூச்சிரைக்க மூச்சிரைக்க நாலு காலையும் அவரே அறுத்தார். பலகை தொம்மென்று தரையில் விழுந்தது. வீட்டில் சத்தமே இல்லை.

சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார். “போயிட்டாங்க,” என்று முதல்முறையாகச் சிரித்தார்.

அவர் மடியில் வேட்டி மெல்ல அமுங்கியது. ஒரு பிள்ளை உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு.

“ஷாகிர்,” என்றார், உதடு மட்டும் அசைய. “என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே.”

நான் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மடியில் முதல் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது.

வேட்டி நுனியை யாரோ இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.