ஆட்டு எண்ணெய்

முதலில் மாறியது கோழிகள்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து மழை பிடித்ததும், பரஞ்சோதி வீட்டுக் கோழிகள் ஏழும் கூட்டுக்குள் ஓடாமல், நனைந்து சொட்டச் சொட்ட, மகள் காஞ்சனா படுத்திருந்த அறைச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, அடைக்கு உட்கார்ந்த மாதிரி இறகைப் பரப்பி, அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தன. விரட்டினார். எழும்பவில்லை. காலால் தள்ளினார். கொத்தின.

அறையிலிருந்து வந்த வாடையும் சரியில்லை. நல்லெண்ணெய், பச்சை முட்டை, அதற்கடியில் ஈரக் கம்பளி மாதிரி ஏதோ ஒன்று.

காஞ்சனாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. ஓய்வுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். முட்டை பழுக்கவில்லை என்றார்கள் டாக்டர்மார். பரஞ்சோதிக்கு அவர்கள் பேச்சில் நம்பிக்கை கிடையாது. செத்துப்போன அவர் பெண்சாதி, இவள் வயசுக்கு வந்த சமயத்தில், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துத்தான் இடுப்பைக் கெட்டிப்படுத்தினாள். திரும்ப அதையே கொடுத்தால் போயிற்று.

எண்ணெயும் கைக்கு எட்டியது. சிடாம் கிரிப் பக்கம், பழைய ரப்பர் ஆலைக்குள் நடக்கும் ஒரு ஆட்டு மருந்து லேப்பில் அவர் கூட்டிப் பெருக்குகிறார். மருந்து கலந்து ஆட்டுக்கு ஊசி போட்டு மிஞ்சுகிற எண்ணெயைக் கழிவுத் தொட்டியில் ஊற்றச் சொல்வார்கள். ரப்பர்த் தோட்டத்து வறுமையில் வளர்ந்த கை நல்ல பண்டத்தை ஊற்றுமா? மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அசல் நல்லெண்ணெய். போத்தலில் பிடித்து வந்துவிட்டார். பத்து நாளாகக் காலையில் ஒரு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய்.

"அப்பா, யாரு பேசுறா?" உள்ளிருந்து காஞ்சனா கேட்டாள்.

"யாரும் பேசல. கோழி."

"கோழி இல்லப்பா. எனக்குள்ள."

அவர் எண்ணெய்ப் போத்தலைத் திரும்பிப் பார்த்தார். மழையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

லேப்பில் மருந்து காய்ச்சுகிற சுகுமாரன் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, அந்த ஆட்டு எண்ணெயில என்னா கலக்குறீங்க?"

"ஸ்டீரால்ண்ணே. ஒரு வகைக் கொழுப்பு. உடம்புக்குள்ள தானா ஊறுறதை நாங்க இங்க கம்பளி மெழுகிலேருந்து காய்ச்சி எடுக்குறோம். முட்டையப் பழுக்க வைக்கும். ஏன், வடை சுடப் போறீங்களா?"

பரஞ்சோதி சிரிக்கவில்லை. "ஒரு பொம்பளைக்குள்ள எத்தன முட்டை இருக்கும்?"

"பொறக்கும்போதே லட்சக்கணக்குல இருக்கும்லா. எல்லாம் தூங்கும். மாசத்துக்கு ஒண்ணுதான் முழிக்கும்."

"ஆட்டுக்கு எவ்ளோ போடுறீங்க?"

"ஒரு சொட்டு." சுகுமாரன் மெல்வதை நிறுத்தினான். "அண்ணே. யாரு குடிச்சா?"

அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார்.

பீடோங் ரோடு முழுக்க மழை. இரண்டு பக்கமும் செம்பனை, ஓலைக்கு ஓலை தண்ணீர் ஒழுகும் சத்தம், சட்டைக்குள் குளிர், வாய்க்குள் அன்றைக்கு நாக்கில் வைத்துப் பார்த்த எண்ணெயின் ருசி. துப்பினார். போகவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மூச்சுச் சத்தம். ஒரு ஆள் மூச்சு இல்லை.

காஞ்சனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை போர்வை.

"எழும்பும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

போர்வை அசைந்தது. அவள் கை இரண்டும் வெளியே இருந்தன. அசையாமல்.

"வலிக்குதாம்மா?"

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. தொண்டைத் தோலில் ஒரு புடைப்பு. அரிசி அளவு. நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கழுத்து முழுக்க. தோள். முழங்கை. விரல் நுனிவரை.

நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில்.

அவர் பக்கம் திரும்பின.

காஞ்சனா வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் ஒரு குரல் வந்தது, கொசு அளவு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவள் உடம்பு முழுக்க.

"தாத்தா."